நோட்டீஸ் போர்டில் மாலதி

காதலை ஒளித்துவைக்க நோட்டீஸ் போர்டைத் தேர்ந்தெடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். மலேசியாவில், போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கில் என்னோடு வேலை பார்த்த அவரை 'ஃபோர்க்லிஃப்ட் கவிஞர்' என்போம். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த வரியை யோசித்துக்கொண்டே ஒருநாள் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் தூக்கிப்போன பால் டின் அடுக்கைச் சுவரில் மோதினார். உருண்டோடிய டின்களை நாங்கள் விரட்டிப் பிடிக்க, அவரோ வரி கிடைத்துவிட்டது, பேனா இருக்கிறதா என்று கேட்டார்.

திங்கள்தோறும் ஷிப்ட் அட்டவணைக்கும் தீ விபத்து அறிவிப்புக்கும் நடுவே ஒரு கவிதையைக் குத்திவைப்பார். அத்தனையும் பில் கவுண்டரில் உட்காரும் மாலதியைப் பற்றி. மலாய்ப் பள்ளியில் படித்த மாலதிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியம்தான். மலாய்க்கார சூப்பர்வைசர் அவற்றைப் பாதுகாப்பு வாசகங்கள் என்று நம்பி, மாதக் கூட்டத்தில் கைதட்டச் சொன்னார். தமிழ் படிக்கத் தெரிந்த நாங்கள் கொஞ்சம் அதிகமாகவே தட்டினோம்.

நேரில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்டால், "மூணு தங்கச்சி இருக்கு லா. நான் முந்திக்கிட்டா அம்மா மூஞ்சிய எப்படிப் பாக்கறது?" என்பார். அப்பா இல்லாத வீடு. இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் முடித்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலதி என் மேசைக்கு வந்தாள். வீட்டில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டும் என்றாள். பிறகு, போனில் படம் பிடித்திருந்த அந்த வாரக் கவிதையை நீட்டிப் படிக்கச் சொன்னாள்.

மாலதியிடம் மூச்சு விடமாட்டேன் என்று கவிஞருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பொய் சொல்வதில் எனக்குப் பல வருடப் பயிற்சியும் உண்டு.

"ஹெல்மெட் போடச் சொல்லி எழுதியிருக்காரும்மா."

"ஹெல்மெட்டுக்கு எதுக்குண்ணே என் பேரு? என் பேரு மட்டும் எனக்குப் படிக்கத் தெரியும்."

என் பயிற்சி அவ்வளவுதான். படித்தேன்.

மூன்று பந்தல் கட்டி முடித்தபின்
நான்காம் பந்தலுக்கு வருவேன், மாலதி.
அதுவரை இருப்பாயா?

காதலியை வரிசையில் நிற்கச் சொன்ன கவிதையை அன்றுதான் பார்த்தேன்.

மாலதி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கடைசித் தங்கைக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டாள். மாப்பிள்ளையே இன்னும் அமையவில்லை என்றேன். ஒரு தாளை என் முன்னால் வைத்தாள்.

"இருக்கேன்னு எப்படி எழுதறது? காட்டுங்கண்ணே."

நான் எழுதியதைப் பார்த்துப் பார்த்து, கவிதைக்குக் கீழே மார்க்கரில் கோணல்மாணலாக எழுதிவிட்டுப் போனாள்.

கவிஞர் ஃபோர்க்லிஃப்ட் எஞ்சினை அணைக்காமலே இறங்கி வந்து போர்டின் முன்னால் நின்றார். இடைவேளை முடிந்து மணி அடித்தும் நகரவில்லை. வண்டியை அணைக்க நான்தான் போனேன். கண் கலங்கியிருந்ததால் சாவி எங்கே இருக்கிறதென்று எனக்கு உடனே தெரியவில்லை.