நெருங்கி வந்த மரம்

"நேத்து பத்தொம்போது இருந்துச்சு. இன்னைக்குப் பதினேழு," என்றார் டைலர். இஞ்ச் டேப்பின் ஒரு முனை ஜன்னல் கம்பியில், மறுமுனை கொல்லைப்புறத் தூங்குமூஞ்சி மரத்தின் அடிமரத்தில்.

"நல்லா பாருங்க. போன வாரம் நீங்க தச்ச சட்டையும் ரெண்டு இஞ்ச் கொறச்சலாத்தான் வந்துச்சு," என்றாள் மனைவி.

டைலர் சிரிக்கவில்லை. இன்னும் மூன்று நாளில் புயல். வீட்டருகே ஆபத்தான மரம் இருந்தால் முன்கூட்டியே கவனிக்கச் சொல்லிச் செய்தியில் ஓயாமல் எச்சரித்தார்கள். அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான் ஆறு மாதக் குழந்தையின் தொட்டில். வீட்டில் வேறு அறையும் கிடையாது.

பாரம் குறைந்தால் மரம் நிமிர்ந்துவிடும் என்று நினைத்தார். ஏணி வைத்து ஏறி, வீட்டுப் பக்கக் கிளைகளை எல்லாம் வெட்டித் தள்ளினார்.

மறுநாள் காலை டேப் பதினாலு காட்டியது.

வீட்டுக்குள்ளும் ஏதோ சரியில்லை. சாத்திய கதவு தானாகத் திறந்தது. மேஜைமேல் இருந்த நூல்கண்டு, யாரோ இழுத்த மாதிரி உருண்டு விழுந்து ஜன்னலடிக்குப் போய் நின்றது. காற்றே இல்லை.

"அது கூப்பிடுதுங்க," மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

"எது?"

"நேத்து கையை வெட்டினீங்களே, அதுதான்."

"உளறாதே," என்றார் டைலர். ஆனால் நூல்கண்டை எடுக்கப் போகவில்லை.

மரத்தைச் சுற்றி வந்து தேடினார். தொடைப் பருமனில் ஒரு வேர் சுவருக்கு அடியில் நுழைந்திருந்தது. இதைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. பகல் முழுக்க ரம்பம் போட்டு அறுத்தார். வேர் அறுந்த நொடியில் வீடெங்கும் ஒரு நீண்ட முனகல் கேட்டது. தொட்டிலில் குழந்தை சிரித்தது.

மூன்றாம் நாள் காலை, ஒன்பது. சுவரில் நகத்தால் இழுத்தது போல நாலு கீறல்.

"இனிமே மரத்தைத் தொடாதீங்க. கோவத்துல இருக்கு."

"தொடலடி. சுவருக்குத் தெம்பு குடுக்கறேன்."

இரும்பு பீரோ, இரண்டு தையல் மிஷின், துணி மூட்டைகள் எல்லாவற்றையும் மரத்துப் பக்கச் சுவரோடு சேர்த்து அடுக்கினார். பாதித் தூரம் பீரோ தள்ளாமலே போனது.

"பாத்தியா, எவ்வளவு லேசா போவுது."

மனைவி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மதியம் அடிமரம் ஜன்னல் கம்பியைத் தொட்டது. இனி டேப்புக்கு வேலையில்லை.

முதல் நாளே சொல்லியனுப்பியிருந்த மரம் வெட்டுகிறவர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். கோடாரியின் பின்புறத்தால் மரத்தைத் தட்டிப் பார்த்தார். பொந்துச் சத்தம் இல்லை. அடியில் காளான் இல்லை, பட்டையில் வெடிப்பு இல்லை. கயிற்றில் ஒரு குண்டைக் கட்டி மரத்தோரம் தொங்கவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்த்தார். முகம் வெளுத்து, இரண்டு எட்டு பின்னால் போனார்.

"எந்தப் பக்கம் விழும்? மறைக்காம சொல்லுங்க," என்றார் டைலர்.

"மரம் நட்டக்குத்தலா நிக்குது டைலரே. குழந்தையோட எல்லாரும் உடனே வெளிய வாங்க, சாயறது உங்க வீடு."