கவலையற்ற பங்குதாரர்

உலகத்திலேயே பெரிய பொறுமைசாலிகள் கனடாவின் ஒன்டாரியோவில், அதுவும் எங்கள் கில்ரே ஊரில்தான் இருக்கிறார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். படுக்கையறைக் கூரையிலிருந்து வாளிக்குள் சொட்டு விழும்போதெல்லாம் இப்படிப் பெருமைப்பட்டுக்கொள்வது என் வழக்கம். புதுக் கூரைக்காகச் சேர்த்த பணம் மருத்துவக் கஞ்சா நிறுவனத்தில் பங்காகக் கிடக்கிறது. செடி வளர்க்க உரிமம் வந்துவிட்டால் ஒரு வீட்டுக்கு இரண்டு கூரைகூடப் போடலாம் என்றார்கள்.

உரிமம் தருவதற்கு அரசிடம் ஒரு மகத்தான முறை உண்டு. முதலில் எல்லாவற்றையும் கட்டி முடிக்க வேண்டும். பிறகு அதிகாரி வந்து பார்ப்பார். எப்போது என்று கேட்பது நாகரிகமல்ல. ஆகவே மூடிக் கிடந்த காலுறை ஆலைக்குள் மண் நிரப்பிய தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. மேலே விளக்குகள் எரிகின்றன. வெறும் மண்ணை முள்வேலியும் கேமராக்களும் காவல் காக்கின்றன. தலைமை வளர்ப்பாளர் தினமும் தண்ணீர் ஊற்றி 'ஒத்திகை' நடத்துகிறார்.

ஒரு நாள் ஒரு தொட்டியில் ஏதோ முளைத்துவிட்டது. வளர்ப்பாளரின் சாண்ட்விச்சிலிருந்து விழுந்த தக்காளி விதை. பங்குதாரர்கள் குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். சிலர் கண் கலங்கினார்கள். "உரிமம் இல்லாம இங்க எதுவும் முளைக்கக் கூடாது" என்று நிறுவன வழக்கறிஞர் அதைப் பிடுங்கச் சொன்னார். மறுநாள் 'மண்ணின் திறன் நிரூபணம்' என்று அறிக்கை வந்தது. பங்கு விலை ஏறியது.

அடுத்து, திருடர்கள் பூட்டை உடைத்தார்கள். உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு, மனம் வெறுத்து, கொண்டுவந்த கடப்பாரையைக்கூட எடுக்காமல் போய்விட்டார்கள். 'எமது சரக்குக்குச் சந்தையில் பெரும் தேவை' என்றது அறிக்கை. கடப்பாரை நிறுவனத்தின் சொத்துகளில் சேர்க்கப்பட்டது.

ஆண்டுக் கூட்டம், பனித்தளத்தில் கல் தள்ளி விளையாடும் கர்லிங் மன்றத்தில். வாசலில் கோட்டு மாட்டும் இடத்தில் நிறுவனத் தலைவர் தர்லோ என்னைத் தனியே அழைத்தார்.

"வெல்மா, பெர்னடீன் வந்திருக்காங்க, பாத்தீங்களா?"

"பாக்காம என்ன? பக்கத்து வீட்டுக்காரி. என் வண்டியிலதான வந்தா!"

"கறவை மாடெல்லாம் வித்துட்டாங்களாம். உங்களக் கேக்காம ஒரு பங்குகூட வாங்க மாட்டாங்களாம். நீங்க எழுந்து, 'எனக்குக் கவலையே இல்ல'ன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"கவலை இருக்கே, தர்லோ. தலையில ஒழுகுது."

"அதுக்குத்தான சொல்றேன்! அவங்க பணம் உள்ள வந்தா, உங்க பணத்த வெளிய எடுத்துத் தர்றது என் பொறுப்பு. பனி விழறதுக்குள்ள கூரை போட்டுடலாம்."

"அப்ப பெர்னடீன்?"

"அவங்க பொறுமையா இருப்பாங்க."

"அதிகாரி எப்ப வர்றாராம்?"

"முன்ன சொன்னதவிட ரொம்பச் சீக்கிரம்."

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என் மனம் கூரைக்கு நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. கரும்பச்சை. அந்த வாக்கியம் நாக்கில் தயாராக, இதமாக இருந்தது. அதில் பொய் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடினேன், அகப்படவில்லை. சொன்னால் எனக்குக் கவலை இருக்காதுதான்.

கூட்டம் தொடங்கியது. காத்திருப்பதில் நாங்கள் அடைந்த முன்னேற்றத்தைத் தர்லோ விளக்கினார். கைதட்டினோம். முன்வரிசையில் ஈனிட் எல்லோரையும்விட உரக்கத் தட்டினாள். ஃபுளோரிடாவில் விடுமுறை கழித்து, வெயிலில் பழுத்த முகம். சென்ற ஆண்டு இதே இடத்தில் எழுந்து, "எனக்குக் கவலையே இல்ல" என்றவள் அவள். அவளை நம்பித்தான் நான் பணம் போட்டேன்.

அவள் பொய் சொல்லவில்லை. அதைச் சொன்ன நிமிடத்தில் அவளுடைய கவலையெல்லாம் என் பெயருக்கு மாறிவிட்டது. எங்கள் நிறுவனம் ஒன்றையும் விற்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே சரக்கை வீடு வீடாக விற்றுக்கொண்டிருக்கிறது.

"இப்ப நம்ம வெல்மா ரெண்டு வார்த்தை பேசுவாங்க!" தர்லோ ஒலிவாங்கியை என் கையில் திணித்தார்.

பெர்னடீன் என் முழங்கையைத் தொட்டாள். "சொல்லு வெல்மா. நீ சரின்னா நான் போட்டுடறேன். மாடில்லாத தொழுவத்தப் பாத்துக்கிட்டு எத்தன நாள்தான் சும்மா உக்காந்திருக்கறது?"

ஒலிவாங்கியைத் தர்லோவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"என்னால முடியாது, தர்லோ."

"பாருங்க, வெல்மாவுக்கு எவ்வளவு கூச்சம்!" என்று அவர் சிரித்தார். மன்றமே சிரித்தது.

"கூச்சம் இல்ல" என்றேன். பிறகு நாற்காலியின் முதுகில் கிடந்த பெர்னடீனின் கோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.