மதலேனாவுக்குக் கால் போதும்

சாவதற்குள் என் முகத்தைப் பெரிய திரையில் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். முகத்துக்கு என்ன குறை? பல் மட்டும்தான்.

தலைமன்னாரில் நான் பாடினால் கடலுக்கு அக்கரையில், இராமேஸ்வரத்தில் கைதட்டுவார்கள். காற்று வாய்த்தால் எங்கள் வீட்டுக்கே கேட்கும்.

“அது கடிக்கிற நுளம்பை அடிக்கிற சத்தம்,” என்பாள் என் மனைவி மதலேனா.

கலியாணத்துக்கு முன் அவளுக்காக நான் கட்டிய பாட்டொன்று இருக்கிறது. ‘உன் பாதம் மண்ணில் படாமல் ஏந்துவேன்’ என்று தொடங்கும். அதை வீடியோவாக எடுத்து, கோயில் திருநாளுக்கு மண்டபத்தில் போட்டுக் காட்டுவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

கமெராக்காரி பக்கத்து வீட்டு டினோஜா. கலியாண வீடியோ எடுக்கிறவள்.

“அங்கிள், காதல் பாட்டெண்டால் கடற்கரை, பொழுதுபடுற நேரம், ஸ்லோ மோஷன். றப் பாட்டெண்டால் இடிஞ்ச மதில், கூலிங்கிளாஸ். பக்திப் பாட்டெண்டால் மெழுகுதிரி, புறா. எல்லாரும் இதைத்தான் எடுக்கினம். இல்லாட்டி வித்தியாசமா, பாட்டு முழுக்க ஒரேயொரு பொருளை மட்டும் காட்டலாம்.”

“கடற்கரையே போதும் பிள்ளை. ஸ்லோ மோஷனுக்குக் கமெரா வேண்டாம், அதை என்ர முழங்கால் பாத்துக்கொள்ளும்.”

அடுப்பை விட்டு, குசினியிலிருந்து மதலேனா எட்டிப் பார்த்தாள்.

“பாட்டு எனக்குக் கட்டினதுதானே? நானும் வரவேணும்.”

“நீயோ? காதல் பாட்டுக்கோ? ஊர் சிரிக்கும்.”

“உங்களைப் பாத்து மட்டும் அழுமோ? எனக்கு நிறைய வேண்டாம். கால் போதும்.”

மனதுக்குள் கணக்குப் போட்டேன். நட்டமில்லை.

“சரி, கால் உனக்கு. முக்கால் எனக்கு. டினோஜா, நீதான் சாட்சி!”

மதலேனா டினோஜாவைப் பார்த்தாள். டினோஜா தலையாட்டினாள். அந்தப் பார்வையை நான் அப்போதே படித்திருக்க வேண்டும். கண்ணாடி போட்டிருக்கவில்லை.

பின்னேரம் பின்னேரமாகச் சிவப்புச் சட்டையோடு கடற்கரையில் மூச்சிரைக்க ஓடினேன். களைத்துப்போய் வீட்டில் கதிரையொன்றில் சாய்ந்திருந்து, இன்னொன்றில் காலைத் தூக்கிப் போட்டபோதும் டினோஜா கமெராவோடு நின்றாள்.

“சும்மா லைட் பாக்கிறன் அங்கிள்.”

திருநாளன்று முன்வரிசையில் இருந்தேன். என் குரல் மண்டபத்தை நிறைத்தது. முகத்தைக் காணோம். திரை முழுக்க ஒரு சோடிக் கால்.

வெடித்த குதிக்கால். ‘மண்ணில் படாமல்’ என்று நான் உருகுகிறேன். அந்தக் கால் மீன் சுமந்து சுடுமணலில் போகிறது. ‘முள்ளில் பட விடேன்’ என்கிறேன். உள்ளங்காலில் ஏறிய உடைமுள்ளை ஊசியால் கிண்டுகிறது அவள் கை. கிணற்றடி. பஸ் வாசல். வார் அறுந்து ஊக்குக் குத்திய செருப்பு.

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

“ஆரடி அந்தப் பாழ்படுவான், இப்பிடிப் பாடுறவன்?” என்றது பின்வரிசை.

கடைசி வரிக்குக் கதிரையில் தூக்கிப் போட்ட கால்கள் வந்தன. என்னுடையவை. பெருவிரல் தாளம் போட்டது, ஸ்லோ மோஷனில். கமெரா மெல்லக் கீழிறங்கி, கதிரையின் காலொன்றில் போய் நின்றது. மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது. நுளம்புக்கு இல்லை.

வீடு திரும்பும்போது மதலேனா முன்னால் நடந்தாள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கீழே பார்த்தால் அந்தக் கால்கள்.

வீட்டு வாசல் படலையடியில் வெடித்தேன்.

“கால்தானே கேட்டனீ?”

“ஓம். கால்தானே வந்தது.”

“எனக்கு முக்கால் எண்டு பேசினது?”

“அதுவும் வந்தது. உங்களிட்ட இருக்கிறது ரெண்டுதானே? அதுதான் கதிரைக்காலொண்டையும் சேர்க்கச் சொன்னனான்.”