நாலு சப்வூஃபரும் ஒரு ஙொய் சத்தமும்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது எதற்காக? அதன்மேல் சப்வூஃபர் என்ற அதிரடி ஸ்பீக்கரை ஏற்றுவதற்காகத்தான். இடையில் வந்த வண்டிகளும் ரயில்களும் வெறும் ஒத்திகை. இந்த உண்மையை முதலில் உணர்ந்தவர் இடி மாமா. தெரு வைத்த பெயர் அது. தெருவின் ஜன்னல் கண்ணாடிகள் ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானம் என்றும் சொல்லலாம்.

ஆதியில் அவர் கார் டிக்கியில் ஒரே ஒரு சப்வூஃபர்தான் இருந்தது. அந்த எளிய காலத்தில் ஒருநாள் பின்சீட்டிலிருந்து அவருடைய சின்ன மகள் சொன்னாள்.

"அப்பா, ஙொய்னு ஒரு சத்தம் வருது."

மாமா காரை ஓரங்கட்டி, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே மகளுக்கு அபூர்வக் காது என்று முடிவு செய்தார். தலைகால் புரியவில்லை அவருக்கு.

"இப்படி அலற விட்டா குழந்தை காது என்னத்துக்குங்க ஆகும்?" என்றாள் மனைவி.

"அவளுக்கு இருக்கிறது காதில்லடி, மீட்டர்."

உடனே ஆடியோ கடையில் 'உயர்மட்ட ஆலோசனைக் கூட்டம்' கூடியது. தலைமை மாமா. முன்னிலை கடைக்காரர். மனைவிக்குப் பார்வையாளர் தகுதி.

"எர்த் சரியில்லன்னா என்ஜின் சத்தம் ஸ்பீக்கர்ல ஏறும் சார்," என்றார் கடைக்காரர்.

எர்த் வயர் மாற்றப்பட்டது. ஙொய் போகவில்லை. சின்னச் சத்தத்தைப் பெரிய சத்தத்தால்தான் அடக்க முடியும் என்ற தத்துவப்படி இரண்டாவது சப்வூஃபர் வந்தது. பிறகு மூன்றாவது. நான்காவது வந்தபோது பின்சீட்டு 'பொதுநலன் கருதி' அப்புறப்படுத்தப்பட்டது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு மெத்தையைப் போட்டு மகளை உட்கார வைத்தார்கள். கச்சேரியில் முதல் வரிசை கிடைக்க அவனவன் தவம் கிடக்கிறான்.

"நாலையும் பேரலல்ல கொடுத்தா ஆம்ப்ளிஃபயர் சூடேறிடும் சார். ரெண்டு ரெண்டா பேரலல் போட்டு, அந்த ஜோடிங்கள சீரிஸ்ல கோத்துடலாம்."

"ஆம்ப் தாங்குமா, அதச் சொல்லுங்க."

"தாங்கும். அளவு தாண்டினா அதுவே அணைஞ்சுக்கும்."

"குழந்தை?" என்றாள் மனைவி.

அந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லை. தள்ளுபடி செய்யப்பட்டது.

திறப்பு விழாவுக்குத் தெருவே வந்திருந்தது; வராதவர்கள் வீட்டுக்கும் விழா தானே போய்ச் சேர்ந்தது. மாமா வால்யூமைத் திருகினார். நம்பர் பிளேட் ஆடியது. எதிர்வீட்டுக் கொடியிலிருந்து துணிகள் ஒவ்வொன்றாய்க் கீழே இறங்கி வந்தன. மாமா ஆனந்தத்தில் மிதந்தார்.

பாட்டைக் குறைத்துவிட்டுக் கேட்டார். "ஙொய் போச்சாம்மா?"

மகள் அவர் வாயையே பார்த்தாள். உரக்கக் கேட்டார்.

"இன்னும் பெருசா வருதுப்பா."

விடுவாரா மாமா? பாட்டை நிறுத்தினார். என்ஜினை நிறுத்தினார். ஆம்ப் வயரைப் பிடுங்கினார். கடைசியில் பேட்டரி இணைப்பையே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். கார் வெறும் இரும்பாகக் கிடந்தது.

"இப்ப?"

"வருது."

"எங்கேர்ந்தும்மா?"

மகள் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "வீட்லயும் வரும்பா. தூங்கும்போதுகூட."

மனைவி மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கடைக்காரர் மட்டும் கடமை தவறாமல் எல்லா வயரையும் தடவிப் பார்த்து, குனிந்த தலை நிமிராமல் சான்றளித்தார்.

"கனெக்‌ஷன்ல ஒரு குறையும் இல்ல சார்."

உண்மைதான். மாமா பொருத்திய எதிலும் குறை சொல்ல முடியாது. மகளின் காதில் பொருத்தியது வயரில்லாமல், பேட்டரியில்லாமல் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் அணைக்கிற பொத்தான் வைக்கத்தான் மறந்துவிட்டார்.