பாலத்துப் பேயும் பின்சீட்டும்

என் மனைவியை மறுபடியும் என் காரில் உட்கார வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். அதற்கு எனக்கு ஒரு பேய் தேவைப்பட்டது.

லோகப்பிரியா கிணத்துக்கடவில் பள்ளிக்கூட டீச்சர். எனக்குப் போத்தனூர் பக்கம் பட்டறை. தினமும் காலையில் அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போவேன். எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக, ரயில் தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதையைத் தாண்ட வேண்டும். ஊரில் அதைப் பாலம் என்பார்கள். ஒரு காரும் ஒரு சைக்கிளும் சேர்ந்து போகலாம், இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டால். வெயில் காலத்திலும் மேலேயிருந்து தண்ணீர் சொட்டும். நாம் பேசினால் சுவர் திருப்பிப் பேசும்.

அன்றைக்கு எனக்கு முன்னால் இளநீர்க்காரர் ஒருவர் சைக்கிளில் போனார். ஹாரன் அடித்தேன். ஒதுங்க இடமில்லாமல் ஒதுங்கினார். நான் நுழைந்தேன். என் காரின் பக்கவாட்டுக் கண்ணாடி அவர் முழங்கையை உரசியது. மனுஷன் சுவரோடு ஒட்டிக்கொண்டார். இளநீர் எல்லாம் உருண்டது.

"நிறுத்துங்க," என்றாள் லோகப்பிரியா.

"நேரமாச்சு அம்மணி. ஒண்ணும் ஆகலை பாரு."

பாலத்துக்கு வெளியே கார் நின்றதும் அவள் இறங்கிப் போய் இளநீர் பொறுக்கிக் கொடுத்தாள். திரும்பி என் காருக்கு வரவில்லை. சாயங்காலம் ஒரு சைக்கிளில் வந்து இறங்கினாள்.

"என்ன இது?"

"சைக்கிளுங்க."

"அது தெரியுது. எதுக்கு?"

"உங்க காருக்குள்ள இருந்தா வெளிய போறவங்களைப் பார்க்கப் பாவமா இருக்குதுங்க. அதுக்கு நானும் வெளியவே போயிக்கறேன்."

"அடிகிடி பட்டா?"

"அதுக்குத்தானுங்க உங்களுக்கு முன்னாலயே கிளம்பிப்போடறேன்."

ஊர் சும்மா இருக்குமா? பாலத்து முனையில் ரசாக் பாய் டீக்கடை. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் என் காரைக் கண்டதும், "டீச்சரம்மா முன்னால போயிட்டாங்க. காலி வண்டி பின்னால வருது," என்று அறிவிப்பார்கள். மானம் போனது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நிஜமாகவே பயம். என்னைப் போல ஓட்டுகிறவர்கள் இந்த ரோட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் நேராகச் சொன்னால் அவள் கேட்க மாட்டாள். ஊர் வாயால் சொல்ல வேண்டும். டீக்கடைக்குப் போனேன்.

"பாய், பாலத்துக்குள்ள என்னமோ இருக்குதுங்க."

"பாம்புங்களா?"

"பாம்பா இருந்தா பரவாயில்லைங்களே." குரலை இறக்கினேன். "வெள்ளையா ஒரு பொண்ணு. சைக்கிள்ல போற பொம்பளைங்க முந்தானையைப் பிடிச்சு இழுக்குது."

பாய் ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதியில் நின்றது. "அல்லா!" என்றார். எனக்கே முதுகில் சில்லென்றது. நல்ல கதைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே பக்கத்துத் தோட்டத்து மாசாணியம்மாள் அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தார். அதற்குள் பேய்க்கு நின்றுபோன கல்யாணம் ஒன்று சேர்ந்திருந்தது.

"கேட்டியா அம்மணி?" என்றேன்.

"கேட்டனுங்க. நான் சுடிதாரு போட்டுட்டுத்தானுங்க போறேன். இழுக்கறதுக்கு முந்தானை ஏது?"

"துப்பட்டா?"

"பின் குத்தியிருக்கறனுங்க."

சைக்கிள் போய்விட்டது.

கொஞ்ச நாள் கழித்து ரசாக் பாய் என்னைக் கை காட்டி நிறுத்தினார். "தம்பி, நீங்க சொன்னதுல பாதிதான் சரி. அது சைக்கிளை ஒண்ணும் பண்றதில்லைங்க. சைக்கிளை நெருக்கிட்டுப் போற காருல ஏறிக்குதாம். பின்சீட்டுல. சத்தமில்லாம."

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லலைங்கறீங்க?"

பாலத்து வாயில் எலுமிச்சம்பழம். ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசியிருந்தது. தேங்காய் லாரி ஒன்று வந்து நின்றது. உள்ளே இருந்த சைக்கிள்கள் வெளியேறும்வரை காத்திருந்தது. டிரைவர் இறங்கிச் சூடம் கொளுத்தினார். பிறகு, தூங்கும் குழந்தையைத் தாண்டுவது போல லாரி பாலத்துக்குள் போனது.

எனக்குச் சிரிப்பு. நான் பெற்ற பேய் அது. என்னை என்ன செய்துவிடும்?

மார்கழிப் பனி இறங்கியது. தென்னந்தோப்பு காணாமல் போனது. எங்கள் சந்து குண்டும் குழியுமான மண் பாதை, ஊர்ந்துதான் போக முடியும். பாலத்து இறக்கத்தில்தான் காரை விடுவேன். அன்றும் விட்டேன். உள்ளே, பனிக்குள், ஒரு சிவப்பு விளக்கு போய்க்கொண்டிருந்தது. சைக்கிள் தெரியவில்லை. ஆள் தெரியவில்லை. விளக்கு மட்டும். ஹாரன் அடித்தேன். சுவர் அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் தாமதமாக, வேறு யாரோ கூப்பிடுவது போலத் திருப்பித் தந்தது.

அப்போது காருக்குள் ஒரு மணி அடித்தது.

டிங். டிங். டிங்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் சின்னதாக ஒரு மனித உருவம் சிவப்பாக எரிந்தது. புது கார். வாங்கியதிலிருந்து அந்த உருவத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அதற்கு அர்த்தம் தெரியும்: பின்சீட்டில் யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கண்ணாடியில் பார்த்தேன். யாரும் இல்லை. கழுத்து திரும்ப மறுத்தது. கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டது. வேகம் குறைந்ததும் மணி அடங்கியது. உருவம் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

"யாருங்க?" என்றேன். பேயானாலும் மரியாதை முக்கியம்.

"யாருங்க?" என்றது சுவர், அதே மரியாதையோடு.

முன்னால் சிவப்பு விளக்கு நிதானமாகப் பனியில் கரைந்தது. அதன் பின்னால் நான் ஊர்ந்தேன்.

அன்றிலிருந்து அப்படித்தான். வேகம் எடுத்தால் மணி. குறைத்தால் அமைதி. பின்கதவைத் திறந்து பார்த்தேன், சீட் காலி. பட்டறைக்குத் தினமும் தாமதம். மெயின் ரோட்டில் டிராக்டர்கள் என்னை முந்தின. மனைவியிடம் சொல்லவும் முடியாது. நானே கட்டிவிட்ட பேய் என்னையே பிடித்துக்கொண்டது என்று எந்த வாயால் சொல்வது?

ஒரு சாயங்காலம் பாலத்து முனைக்கு வந்தேன். உள்ளே அதே இளநீர்க்காரர். நிறுத்தினேன். அவர் என் காரைப் பார்த்ததும் பழக்கப்படி சுவரோடு ஒட்டினார். "நீங்க வாங்க, நான் நிக்கறேன்," என்றேன். நம்பாமலே வந்தார். வெளியே வந்தபின் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

டீக்கடை ஓரத்தில் சைக்கிளோடு லோகப்பிரியா நின்றிருந்தாள்.

"நல்லா ஓட்டறீங்க," என்றாள்.

நெஞ்சு நிறைந்துவிட்டது. முன்கதவைத் திறந்தேன். "ஏறு அம்மணி."

அவள் பின்கதவைத் திறந்தாள்.

"அங்க வேண்டாம்!" அலறினேன். "அங்க ஆள் இருக்குது!"

"தெரியுமுங்க." சீட் கவருக்கு அடியில் கையை விட்டு எதையோ உருவினாள். வட்டமாக, கறுப்பாக வெளியே வந்தது.

எங்கள் வீட்டுத் தோசைக்கல்.

"முன்னால ஒரு நாள் பரீட்சைப் பேப்பர்க் கட்டை வெச்சப்பவே, ஆளுன்னு நெனச்சு இந்தச் சீட்டு கத்துச்சுங்க. உங்களுக்கு அப்ப போன் பேச்சு."

"அப்ப, பேய்க் கதையை மாத்தினது?"

"பொம்பளைங்களைச் சைக்கிள்ல இருந்து இறக்கிவிடற பேயை யாராவது ஒரு ஊட்டுக்காரருதானுங்க பெத்திருக்கோணும். கொஞ்சம் திருத்தி அனுப்பிச்சேன். டீச்சரில்லைங்களா?"

தோற்றால் என்ன? வேலை முடிந்துவிட்டது. "சரி, இப்பத்தான் நான் ஒழுங்கா ஓட்டறனே. ஏறிக்க."

"எதுக்குங்க? இப்பத்தான் எல்லாரும் வழி விடறாங்க. சைக்கிள் ஓட்ட இதைவிட நல்ல ரோடு கெடைக்குமா? ராத்திரிக்குத் தோசை. மெதுவா வாங்க."

இத்தனை நாள் என் காரில் என்னோடு வந்த ஒரே துணை, அவள் கேரியரில் ஏறிப் போய்விட்டது.