டிஸ்க்குக்குப் பொட்டு வைத்த நாள்

பெண் பார்க்கப் போகிறவன் வாயை மூடிக்கொண்டு கேசரியைத் தின்றுவிட்டு வந்தால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. இது எனக்கும் தெரியும். அன்றைக்கு என் வாய்க்குத்தான் தெரியவில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. நான் மலேசியாவின் ஈப்போவில், சிலிபின் பக்கம் குடியிருந்தேன். பஸ் கம்பெனி ஒன்றில் டிக்கெட் கணக்குப் பார்க்கும் வேலை. அதைத் தரகர் பெண் வீட்டில், "பையன் பஸ் லைன்ல இருக்காரு, வண்டி விஷயமெல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு" என்று அளந்து வைத்திருந்தார். (வண்டியில் எனக்குத் தெரிந்தது, வெயில் படாத ஜன்னல் சீட் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான். ஓட்டுவேன், லைசென்ஸ் இருந்தது. அதோடு சரி.)

பெண் வீடு சுங்கை சிப்புட்டைத் தாண்டி ஒரு தோட்டத்தில். ரப்பரையெல்லாம் வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டுக்கொண்டிருந்த நேரம். பெண்ணின் அப்பா அங்கே கிராணியாக, அதாவது ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து வெள்ளைக்கார துரை ஊருக்குக் கிளம்பும்போது விற்ற திறந்த ஜீப்பை இவர் வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தார். மனைவியை இழந்தவர். பெண்ணை வளர்த்தது அவருடைய அக்கா பாக்கியம். அந்த வீட்டில் எது நடந்தாலும் அந்த அத்தை தலையாட்டினால்தான் நடக்கும்.

பெண் பெயர் கஸ்தூரி. தட்டை நீட்டிவிட்டு ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது, இவள் இல்லாவிட்டால் சாமியாராகப் போய்விடுவது என்று முடிவே செய்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் கிராணியார் கேட்டார்.

"தம்பி, ஜீப்புல பிரேக் அமுக்குனா கிறீச்னு கத்துது. என்னவா இருக்கும்?"

பஸ் டிப்போவில் மெக்கானிக்குகள் பேசுவதைக் காதில் வாங்கியிருந்தேன். "பேடு தேஞ்சிருக்கும். டிஸ்க்கும் போயிருக்கும். ரெண்டையும் சேர்த்து மாத்திடணும்" என்றேன். டிஸ்க்கு என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டு, அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கட்டைதான் பேடு என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கிராணியார் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நீங்களே பார்த்து எடுத்துக் குடுங்க. என் குடும்பம் பூரா ஏறுற வண்டி. அதுக்கு நல்ல பிரேக் பார்க்கத் தெரிஞ்சவருக்குத்தான் என் பொண்ணு."

மறுப்புச் சொல்ல வேண்டிய வாயில் நான் இன்னும் கொஞ்சம் கேசரியை அடைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு காலையில் ஈப்போவில் ஒரு சாமான் கடைக்கு நானும் கிராணியாரும் போனோம். பிரேக் என்றால் ஒரே பிரேக்தான் என்று நினைத்துப் போனவன் நான். தவுக்கே, அதாவது அந்தச் சீனக் கடையின் முதலாளி, ஜீப்பை எட்டிப் பார்த்துவிட்டு மேசை மேல் பெட்டி பெட்டியாக அடுக்கினார். ஒரிஜினல், தைவான், லோக்கல், தடிச்சது, மெல்லிசு. கிராணியார் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாழ்க்கையில் சாமான் வாங்க எனக்குக் கற்றுக்கொடுத்தது என் அம்மா ஒருத்திதான், அதுவும் பாத்திரக் கடையில். டிஸ்க்கைக் கையில் தூக்கி, விரல் முட்டியால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டேன். ஒன்று டிங் என்றது. இன்னொன்று டொக் என்றது. "இது வேணாம், கீறல் இருக்கும்" என்று தள்ளிவிட்டேன். தவுக்கே அடுத்த பெட்டியைத் திறக்காமலே கீழே வைத்தார். கிராணியார், "சரிதான், சத்தம் பத்தல" என்றார். அதில் எனக்குத் தைரியம் வந்து, கடையில் இருந்த டிஸ்க்கையெல்லாம் கொண்டுவரச் சொல்லித் தட்டினேன். கோயில் மணி வாங்க வந்தவன்கூட அவ்வளவு தட்டியிருக்க மாட்டான்.

"இதுல சோறு ஆக்கப் போறியா?" என்று தவுக்கே மலாயில் கேட்டார்.

நான் காதில் விழாத மாதிரி பேடை எடுத்தேன். அதை எப்படிப் பார்ப்பது என்று அம்மா சொல்லித்தரவில்லை. முதலில் முகர்ந்து பார்த்தேன். பிறகு வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கிற மாதிரி ஓரத்தை ஒடிக்கப் பார்த்தேன். என் நகம்தான் ஒடிந்தது. "நல்ல முத்தல்" என்று சொல்லிவிட்டேன். (வலி உயிர் போனது.) தவுக்கே கிராணியாரைப் பரிதாபமாகப் பார்த்து, "இவரு தஞ்சோங் ரம்புத்தான்லேர்ந்து வாராரா?" என்று கேட்டார். அங்கே இருப்பது பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று பேராக்கில் எல்லாருக்கும் தெரியும். கிராணியார் பெருமையாக, "இல்லலா, சிலிபின்" என்றார்.

ஆனால் ஒன்று, நான் கடைசியில் எடுத்தது நல்ல சாமான். தவுக்கே என்மேல் இரக்கப்பட்டுச் சரியானதைத்தான் என் பக்கம் தள்ளியிருக்கிறார்.

அன்று பகலே மாட்டிவிட வேண்டும் என்று எங்கள் டிப்போ மெக்கானிக் மணியம் அண்ணனை மன்றாடித் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். வாசலில் ஜாக்கி கொடுத்து, முன் சக்கரம் இரண்டையும் கழற்றி, புது டிஸ்க்கு, புது பேடு எல்லாம் பொருத்தினார். டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவியிருந்த எண்ணெயைப் பெட்ரோல் துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தார். "தம்பி, இது மேல கை படாம பாத்துக்கலா. நான் போய்ச் சாப்பிட்டு வாரேன்" என்று பின்கட்டுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அத்தை வந்தார். கையில் தட்டு. தட்டில் சந்தனம், குங்குமம், சூடம், ஒரு கிண்ணம் நல்லெண்ணெய். பளபளவென்று வட்டமாக நிற்கிற டிஸ்க்கைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. "பெருமாள் கையில இருக்கிற சக்கரம் மாதிரியே இருக்கே. இதையா வறட்டு வறட்டுன்னு விட்டுட்டுப் போனான் அந்த ஆளு?"

நான் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் இந்த அத்தை தலையாட்டினால்தானே கஸ்தூரி? வாயைத் திறக்கவில்லை. அது மட்டுமா, எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதே நான்தான். தலை தீபாவளி மாப்பிள்ளைக்கு வைக்கிற மாதிரி, வழிய வழிய வைத்தார். டிஸ்க்கைக் கையால் சுற்றிவிட்டு, ஒரு இடம் விடாமல் தடவினார். மேலே சந்தனம் பூசி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்தார். இரண்டு பக்கமும். சூடம் காட்டியபோது நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு என் கையாலேயே சக்கரங்களைத் தூக்கி மாட்டி நட்டை முறுக்கினேன்.

"முதல் ஓட்டம் மாரியம்மன் கோயிலுக்கு" என்றார் கிராணியார். "நீங்களே ஓட்டுங்க தம்பி."

அவர் முன்னால் என் பக்கத்தில். பின்னால் அத்தையும் கஸ்தூரியும். கிராணி வீடு மேட்டில் இருந்தது. கீழே இறங்கினால் பந்துத் திடல், அதைத் தாண்டிக் கோயில். இறக்கத்தில் பாதி வந்து பிரேக்கை அமுக்கினேன். ஜீப் நிற்பதாகத் தெரியவில்லை. இன்னும் அழுத்தினேன். பின் சக்கரத்துப் பழைய பிரேக் தன்னால் ஆனதைச் செய்தது, முன் சக்கரம் வழுக்கிக்கொண்டே போனது.

அப்போதுதான் முன்பக்கமிருந்து புகை கிளம்பியது. சாதாரணப் புகையா அது? சந்தனமும் நல்லெண்ணெயும் சேர்ந்து கருகிய, கருவறையில் நிற்பது போன்ற வாசம் வண்டி முழுவதும் பரவியது. அத்தை அதை ஒரு தடவை இழுத்தார். அவ்வளவுதான், அவருக்கு அருள் வந்துவிட்டது.

"வந்துட்டேன்டா! கெடா வெட்டுறேன்னு சொல்லிட்டு ஏமாத்துனியே, கேக்க வந்துட்டேன்டா!"

கிராணியார் முன்கண்ணாடிப் பக்கம் இரண்டு கையையும் கூப்பி, "வண்டி நிக்கட்டும் தாயே, இன்னைக்கே வெட்டிடுறேன்" என்றார்.

நான் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஹாரனை அடித்தேன். திடலில் பக்கத்துத் தோட்டத்தோடு மேட்ச் நடந்துகொண்டிருந்தது. ஜீப் ரோட்டை விட்டு இறங்கி, புல்லில் குதித்து, ஆட்டக்காரர்கள் இரண்டு பக்கமும் சிதறி ஓட, நேராகக் கோலைப் பார்த்துப் போனது. பந்தைப் பிடிக்கக் கையை விரித்து நின்ற கோல் கீப்பர், ஜீப்பைப் பார்த்தான். அவன் தாவிய தாவலை வேறு எந்த ஆட்டத்திலும் நான் பார்த்ததில்லை. அந்த நொடியில் பின்னாலிருந்து ஒரு வளையல் கை எனக்கும் கிராணியாருக்கும் நடுவில் நீண்டது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து மடாரென்று இழுத்தது. ஜீப் உலுக்கிக்கொண்டு, பாதி உடம்பு கோலுக்குள்ளும் வலைக்குள்ளுமாக நின்றது.

ரெஃப்ரி விசில் ஊதினார். எதற்கு ஊதினார் என்று அவருக்கே தெரியாது.

கஸ்தூரி என்னிடம் பேசிய முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது. "ஹேண்ட் பிரேக்னு ஒண்ணு இருக்கிறது உங்களுக்குத் தெரியாதா?"

மேட்டிலிருந்து மணியம் அண்ணன் சோற்றுக் கையோடு ஓடி வந்தார். சக்கரத்துக்குள் குனிந்து பார்த்தவர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். "யாருலா இது, டிஸ்க்குக்குப் பொட்டு வச்சது?"

ஊரே அத்தையைப் பார்த்தது. அருள் இறங்கி முழித்துக்கொண்டிருந்த அத்தை என்னைக் கை காட்டினார். "இந்தத் தம்பிதானே கிண்ணத்தைப் புடிச்சிச்சு. ஒரு வார்த்தை சொல்லலையே."

கிராணியார் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மகளைப் பார்த்து, "நீயே பார்த்துட்டம்மா. தரகர்கிட்ட வேணாம்னு சொல்லிடவா?" என்றார். போயிற்று, எல்லாம் போயிற்று என்று ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கஸ்தூரி ஜீப்பை விட்டு இறங்கி, வலையை என் தலையிலிருந்து விலக்கிவிட்டாள்.

"வேற வீட்டுக்கு இவரை அனுப்பி, அங்க இவரு வண்டி ஓட்டி யார் உயிருக்காவது ஆபத்தாப் போனா அந்தப் பாவம் நமக்கு எதுக்குப்பா? இங்கேயே இருக்கட்டும்."

நான் அதிர்ச்சியில் அழுதேவிட்டேன். இரண்டு தோட்டத்து ஆட்டக்காரர்களும் பார்த்தார்கள். கெடா மட்டும் அந்த வாரமே வெட்டப்பட்டது.

கல்யாணமான நாளிலிருந்து நான் வண்டி ஓட்டினால் கஸ்தூரியின் வலது கை ஹேண்ட் பிரேக்கில்தான் இருக்கும். கேமரன் மலைக்குப் போனாலும் சரி, மூலைக் கடைக்குப் போனாலும் சரி. போன மாதம் மகனையும் கூட்டிக்கொண்டு புது வண்டி பார்க்க ஷோரூம் போனோம். விற்பனைக்காரப் பையன் திரை, கேமரா எல்லாம் காட்டினான். கஸ்தூரி இடது பக்கம் ஏறி உட்கார்ந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் கையால் துழாவினாள். அங்கே ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் ஒரு சின்ன பட்டன்தான் இருந்தது. இறங்கி, "வேற கடை பார்ப்போம்" என்று நடந்துவிட்டாள்.

அந்தப் பையன் திகைத்துப்போய், "என்ன சார் குறை இந்த வண்டியில?" என்று என்னைக் கேட்டான். எனக்கு முந்தி என் மகன் பதில் சொன்னான்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல தம்பி. எங்கப்பா பழைய ஃபுட்பால் பிளேயர்."