கெண்டைக்கால் ஓட்டு

உடம்பை ஊதிக் காட்டுவது விளையாட்டே இல்லை, கமிட்டியில் அதற்கு எதிராகத்தான் கை தூக்குவேன் என்று தையல்காரர் முடிவெடுத்தபோது அவர் வாயில் குண்டூசிகள் இருந்தன. அதனால் அந்த முடிவு மனைவியின் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் அது முடிவாகவே இருந்திருக்காது.

விஷயம் இதுதான். குடியிருப்பில் வருடா வருடம் விளையாட்டு விழா நடக்கும். ஓட்டம், கயிறு இழுத்தல், கேரம், சாக்குக்குள் காலை விட்டுக்கொண்டு தாவுவது எல்லாம் உண்டு. இந்த வருடம் ஆணழகன் போட்டியும் வேண்டும் என்று இளவட்டங்கள் பிடிவாதம் பிடித்தார்கள். கமிட்டியில் ஐந்து பேர். இரண்டு பேர் சரி என்றார்கள். இரண்டு பேர், அதெல்லாம் விளையாட்டில் சேர்த்தி இல்லை என்றார்கள். மிச்சம் இருந்தவர் தையல்காரர். பிறந்ததிலிருந்து அவர் பேச்சை யாரும் சட்டை செய்ததில்லை. இப்போது அவர் எந்தக் கையைத் தூக்குவார், எப்போது தூக்குவார் என்று குடியிருப்பே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் பக்கம் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தின் பெயர் பீரோ.

பீரோ, அவருடைய மனைவியின் தம்பி. வாசலில் நேராக நுழைய மாட்டான். பக்கவாட்டில் திருப்பித்தான் உள்ளே விட வேண்டும். அதனால் தெருக்காரர்கள் வைத்த பெயர். பெயர் வைத்தவர்கள் மேல் அவனுக்குக் கோபம் இல்லை, சந்தோஷம்தான். அப்பேர்ப்பட்ட ஆள்.

தையல்காரரின் அளவு நாடா தப்பியதாகச் சரித்திரமே கிடையாது. ஒரு தடவைதான் தப்பியது. பீரோ தன் சிநேகிதன் கல்யாண வரவேற்புக்குச் சட்டை கேட்டான். அளவெடுத்தது ஒரு நாள், உடுத்தியது ஒரு மாதம் கழித்து. அந்த மாதம் முழுக்க அவன் ஜிம்மில் முட்டையும் இரும்புமாகவே வாழ்ந்தான். மேடையேறி, கையை விரித்து, மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தான். இரண்டு அக்குளும் ஒரே நேரத்தில் டர்ரென்றன. பக்கத்தில் மைக் இருந்தது. கடைசி வரிசை வரை கேட்டது. "யாருப்பா தைச்சது?" என்று ஒருவர் கேட்டார். "எங்க மாமா!" என்று பீரோ பெருமையாகக் கத்தினான். அதுவும் மைக்கில்.

அன்றிலிருந்து அவர் அவனுக்கு ஒரு பொத்தான்கூடத் தைத்துக் கொடுத்ததில்லை.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை கமிட்டி கூடுதாமே?" என்றாள் மனைவி. கடை வீட்டின் முன்னறையிலேயே இருந்ததால் தப்பிக்க வழியில்லை.

"கூடும்."

"தம்பி பக்கம்தானே கை தூக்குறீங்க?"

"தம்பி பக்கம், அண்ணன் பக்கம்னு எனக்குக் கிடையாது. நான் நியாயத்துப் பக்கம்."

"அது எந்தப் பக்கம்?"

"இதோ பாரும்மா. விளையாட்டுன்னா ஓடணும், உதைக்கணும், எதையாவது தூக்கிப் போடணும். உன் தம்பி என்ன பண்றான்? எண்ணெயைத் தடவிக்கிட்டு வந்து நிக்கிறான். நிக்கிறதெல்லாம் விளையாட்டுன்னா முதல் கோப்பையை நம்ம தெரு லைட்டுக் கம்பத்துக்குக் கொடுக்கணும்."

"கேரம் மட்டும் என்னவாம்? உக்காந்துக்கிட்டுதானே ஆடுறீங்க?"

"அதுல விரல் ஓடுது!"

"அவன் வருஷம் பூரா வேர்வை சிந்துறானே?"

"நானும்தான் வருஷம் பூரா வேர்வை சிந்துறேன். தையல் விளையாட்டா?"

மனைவி பதில் பேசாமல் உள்ளே போனாள். மனைவி வாயை மூடிக்கொண்டு உள்ளே போனால் ஜெயித்துவிட்டோம் என்று புது மாப்பிள்ளைதான் நினைப்பான். இவர் பெண்ணையே கட்டிக் கொடுத்து அனுப்பியவர். இருந்தும் நினைத்தார்.

மறுநாள் காலையில் அவர் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். மோட்டார் வைக்காத பழைய மெஷின். டீயோடு வந்தவள் டீயைக் கொடுக்காமல் கீழேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததையா இவ்வளவு நேரம் பாக்குற? டீ ஆறுது."

"உங்க கெண்டைக்காலைத்தான். தம்பி சொன்னது சரிதான் போல."

கால் நின்றது. மெஷினும் நின்றது. "என்ன சொன்னான் அந்தப் பீரோ?"

"'மாமா மாதிரி கெண்டைக்கால் எங்க ஜிம்முல ஒருத்தனுக்கும் இல்லக்கா'ன்னான். கை, நெஞ்செல்லாம் ஏத்திடலாமாம். கெண்டைக்கால் மட்டும் லேசுல ஏறாதாம். 'மாமா மெஷின் மிதிச்சே ஏத்தி வச்சிருக்காரு, என்ன ஒரு உழைப்பு'ன்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறான்."

"அவன் கிடக்கிறான்," என்றார் தையல்காரர். ஆனால் டீயைக் குடிக்கும்போது குனிந்து பார்த்தார். இத்தனை வருடம் கூடவே இருந்த கால். ஒரு நாள்கூட நின்று விசாரித்ததில்லை.

அன்று மத்தியானம் அவருடைய கைலி முழங்காலுக்கு ஏறியது. மறுநாள் முழங்காலைத் தாண்டியது. கால்சட்டை வாங்க வந்த பேக்கரிக்காரர் பதறிப்போனார்.

"என்னங்க, கால்ல அடியா?"

"அடியா? நல்லாப் பாருங்க."

"பாத்துட்டுத்தான் கேக்குறேன். இப்படி வீங்கியிருக்கே!"

பொறாமை பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டார் தையல்காரர்.

சாயங்காலம் கடையில் ஆளில்லை. சட்டை போட்டுப் பார்க்கிறவர்களுக்காக வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடி சும்மா இருந்தது. அதற்கு முதுகைக் காட்டி நின்று, கைலியைச் சுருட்டிப் பிடித்து, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார். சரியாகத் தெரியவில்லை. கழுத்து சுளுக்கிக்கொண்டது.

"குதிகாலைத் தூக்குங்க. அப்பத்தான் உருண்டு நிக்கும்."

வாசலில் மனைவி. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் குதிகாலைத் தூக்கிவிட்டுத்தான் தூக்கிவாரிப் போட்டது. உருண்டுதான் நின்றது.

"அம்பது தாண்டினவங்களுக்குத் தனிப் பிரிவு வைப்பாங்களாம்," என்றாள் அவள், துணிகளை மடித்தபடி.

"யார் சொன்னா?"

"பேசிக்கிறாங்க. நமக்கென்ன வந்தது? அது விளையாட்டே இல்லையே. நீங்கதானே சொன்னீங்க."

"நான் எப்பச் சொன்னேன்?"

"லைட்டுக் கம்பம்..."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது! ஏம்மா, நான் சொல்றதையெல்லாம் நீ என்னிக்குக் கேட்டிருக்க? இதை மட்டும் ஏன் கேட்டுத் தொலைச்ச?"

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. பல் டாக்டர்தான் தலைவர். வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவர் ஆதலால், "சொல்லுங்க" என்று தையல்காரரைப் பார்த்தார். எதிர்க்கட்சியில் இருந்த பேக்கரிக்காரர், நம்ம ஆள்தானே என்று சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

தையல்காரர் எழுந்தார்.

"சும்மா நிக்கிறதுதானேன்னு சிலர் சொல்றாங்க. நின்னு பாருங்கய்யா! ஓடுறவனுக்கு மூச்சு வாங்கினா நின்னுக்கலாம். நிக்கிறவனுக்கு மூச்சு வாங்கினா எங்க போவான்? பந்து ஆடுறவன் தோத்தா பந்து மேல பழி போடலாம். இவன் எது மேல பழி போடுவான்? தன் உடம்புதான் பந்து, தன் உடம்புதான் மைதானம். அது விளையாட்டு இல்லன்னா வேற எதுய்யா விளையாட்டு? அதுலயும் கெண்டைக்கால் இருக்கே..."

கெண்டைக்கால் பற்றி அவர் ரொம்ப நேரம் பேசினார். பேக்கரிக்காரருக்குச் சாய்ந்த முதுகு நிமிரவே இல்லை. கடைசியில் தையல்காரர் கையைத் தூக்கினார். கெட்டியாகத் தூக்கினார், இறங்க மனசில்லாத கை. போட்டி சேர்ந்துவிட்டது.

கைதட்டல் அடங்கியதும் அவர் தலைவர் பக்கம் மெல்லக் குனிந்தார். "டாக்டர், அப்படியே அம்பது தாண்டினவங்க பிரிவுக்கும் பேர் வாங்க ஆரம்பிச்சுடலாமே."

"அப்படி ஒரு பிரிவு கிடையாதே. இளைஞர்களுக்கு மட்டும்தான். யார் சொன்னது?"

"நல்லவேளை கிடையாது," என்றார் பேக்கரிக்காரர். "நம்ம வயசுல எவன் ஜட்டியோட மேடையேறுவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் தையல்காரர். வேறு வழி?

வீட்டுக்கு வந்தபோது கைலி கணுக்காலில் தடுக்கியது.

"தனிப் பிரிவுன்னு யாரு சொன்னா உனக்கு?"

"வைப்பாங்களாம்னு சொன்னேன். வச்சுட்டாங்கன்னா சொன்னேன்?"

"அத்தனை பேர் முன்னால பேசிட்டு வந்திருக்கேன்! இனி மாத்திப் பேசினா மூஞ்சியில துப்புவாங்க."

"மாத்தாதீங்க. நல்லாப் பேசினீங்களாமே. பேக்கரிக்காரம்மா இப்பத்தான் வந்து சொல்லிட்டுப் போனாங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கைலியை லேசாகத் தூக்கிக் காலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார், "உன் தம்பி என் கெண்டைக்காலைப் பத்திச் சொன்னானே, அதாவது நிஜமா?"

"அவன் உங்க காலை எப்பங்க பாத்தான்? அவனுக்குக் குனிஞ்சு பாக்கக் கழுத்தே மடங்காதே!"

தையல்காரர் முகம் சுருங்கிப் போவதைப் பார்த்து அவளுக்கே மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தாள்.

"பாத்தது நான்தான். இது பொய்யில்ல, நிஜமாவே நல்ல கால்."

அவர் நிமிர்ந்தார். "நிஜமா?"

"நிஜமா. அது வீணாப் போகக் கூடாது பாருங்க. எழுந்து போய் மெஷினை மிதிங்க, தம்பிக்கு மேடையில போட்டுக்க ஒரு ஜட்டி நாளைக்கே வேணுமாம்."